மயில்சாமி இருந்தால் முப்பத்தொன்று

தேர்தலுக்கு இன்னும் பதினொரு மாசம் கிடந்தது. அதற்குள் யார் ஜெயிப்பார்கள் என்று சென்னையில் ஒரு கட்டடத்துக்குத் தெரிந்துவிட்டது. நாலாவது மாடி, சுற்றிலும் கண்ணாடி, உள்ளே எந்நேரமும் குளிர். அங்கே உட்கார்ந்திருக்கிற எவனும் ஒரு நாளாவது ரேஷன் கடை வரிசையில் நின்றவன் கிடையாது. ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க அதுதான் முதல் தகுதியாம். ஜனங்களோடு நின்றால் ஒருபக்கமாகப் பார்க்கிற பழக்கம் வந்துவிடும் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். அந்த இடத்துக்குப் பெயர் முன்னோடி வியூக ஆய்வகம்.

முன்பெல்லாம் கட்சியில் வேட்பாளரைப் பொறுக்க ஒரு முறை இருந்தது. மனு வாங்குவார்கள். தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு நேர்காணல் வைப்பார்கள். சாதியைக் கேட்பார்கள், வசதியைக் கேட்பார்கள், கடைசியில் போன மாசமே முடிவு செய்து வைத்திருந்த ஆளை அறிவிப்பார்கள். அதில் ஒரு நேர்மை இருந்தது. ஏமாந்தவனுக்குத் தன்னை ஏமாற்றியது யார் என்று தெரியும். வீட்டுக்கு வந்து பெயர் சொல்லித் திட்டலாம். இப்போது ஆய்வகம் சொல்வதுதான் சட்டம். ஆய்வகத்தைத் திட்டவும் முடியாது. அது தானாக எதுவும் சொல்வதில்லையாம், எல்லாம் ஜனங்கள் சொன்னதாம்.

மயில்சாமிக்கு வயது அறுபத்துநாலு. பரமத்தி வேலூருக்குக் கிழக்கே வாய்க்கால் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால். கட்சியில் முப்பத்தெட்டு வருஷம். இருபத்தாறு வயதில் பசை வாளியைத் தூக்கியவர், இப்போது ஒன்றியச் செயலாளர். இத்தனை வருஷத்தில் எட்டுத் தேர்தல் பார்த்தாகிவிட்டது. எட்டு வேட்பாளருக்கும் சுவரில் பெயர் எழுதியது அவர் கை. எட்டில் மூன்று பேர் வெளியூர்க்காரர்கள். ஒருத்தர் ஓட்டு எண்ணுகிற அன்றைக்குத்தான் தொகுதியை முழுசாகப் பார்த்தார். அத்தனை பேர் பெயரையும் சுண்ணாம்பு அடித்து, கோடு போட்டு, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு எழுதியவருக்கு ஒரே ஒரு ஆசை. ஒரு தடவை அந்தச் சுவரில் தன் பெயர் வர வேண்டும். ஜெயிப்பது கூட அப்புறம். அதனால் இந்த முறையும் மனுக் கொடுத்திருந்தார்.

ஆனி மாசம் ஒரு காலை. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தபோது கையில் தொடுதிரை டேப் வைத்துக்கொண்டு ஒரு பெண் வரப்பில் வந்தாள். பெயர் சௌமியா, ஆய்வகத்து ஆள். மனுக் கொடுத்தவர்கள் யாரும் கணிப்பில் தலையிடக் கூடாது, தலையிட்டது தெரிந்தால் மனுவைக் கிழித்துவிடுவோம் என்று மாவட்டச் செயலாளர் முன்னமே எச்சரித்திருந்தார். ஆகவே மயில்சாமி தான் யார் என்று சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் பெயரைக் கேட்கவில்லை. பெயர் தெரிந்தால் விஞ்ஞானம் கெட்டுவிடுமாம். வயதையும் தொழிலையும் மட்டும் குறித்துக்கொண்டாள்.

மயில்சாமி என்பவரைத் தெரியுமா என்று கேட்டாள். தெரியுமுங்க, ரொம்ப நாளாத் தெரியும் என்றார். அவர் எப்படிப்பட்டவர்? மிக நல்லவர், நல்லவர், பரவாயில்லை, மோசம், நாலில் ஒன்றைச் சொல்லச் சொன்னாள்.

இந்தப் பக்கத்து ஆளிடம் இப்படிக் கேட்கக் கூடாது. பத்து ஏக்கர் தோட்டமும் ரெண்டு லாரியும் வைத்திருப்பவனைக் கேட்டாலும், ஏதோ பொழப்பு ஓடுதுங்க என்பான். தன் வாயால் தன்னை நல்லவன் என்று சொல்வதற்குப் பதில் நாக்கைப் பிடுங்கிக்கொள்வான். மயில்சாமி வெற்றிலையைப் பார்த்துக்கொண்டே, பரவால்லீங்க என்றார். அவர் நின்றால் ஓட்டுப் போடுவீர்களா என்றாள். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கூச்சம் பிடித்துக்கொண்டது. நின்னாப் பாக்கலாமுங்க என்று வந்தது. முடிவு செய்யவில்லை என்ற இடத்தில் அந்தப் பெண் தட்டினாள்.

பதினாலாவது கேள்வியை அவள் மழைச் செய்தி படிப்பதுபோலப் படித்தாள். தேர்தலுக்கு முன்பாக மயில்சாமி காலமாகி, அவருக்குப் பதில் அவர் மனைவி வசந்தாமணி நின்றால் ஓட்டுப் போடுவீர்களா?

மயில்சாமியின் கை நின்றுவிட்டது. வசந்தாமணி தனியாக, வெள்ளைச் சேலையில், கையைக் கூப்பிக்கொண்டு வெயிலில் நிற்பது கண் முன்னால் வந்தது. மகன் நந்தகுமார் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியோடு வடக்கே எங்கேயோ கிடக்கிறான். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

"போடாம எங்கீங்க போறது. பாவம், தனியா நிக்கறவளாச்சே."

"நிச்சயமா போடுவீங்களா ஐயா?"

"நிச்சயமாங்க அம்மிணி," என்று துண்டால் கண்ணைத் துடைத்தார்.

இருபது நாள் கழித்து நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்து மாடிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மாவட்டச் செயலாளர் குழந்தைவேல் இருந்தார். கட்சியில் அவரை யாரும் பெயர் சொல்வதில்லை, மாவட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு லட்சம் முட்டைக்கோழி வைத்திருப்பவர். பக்கத்தில் ஆய்வகத்தின் மண்டல இயக்குநர் ஜெயபிரகாஷ், முப்பது வயது இருக்கும். வெளிநாட்டில் படித்தவன். சட்டையில் ஒரு மடிப்பு இல்லை, முகத்திலும் இல்லை.

"நல்ல செய்தி சார்," என்றான் அவன். "தொகுதி நம்ம கைக்கு வர வாய்ப்பு பிரமாதமா இருக்கு. ஒரே ஒரு தடைதான்."

"என்ன தடைங்க தம்பி?"

அவன் மாவட்டத்தைப் பார்த்தான். மாவட்டம் மின்விசிறியைப் பார்த்தார்.

"நீங்கதான் சார்."

ஆயிரத்து நூறு பேரைக் கேட்டு எடுத்த கணிப்பு திரையில் படமாக வந்தது. மயில்சாமி நின்றால் முப்பத்தொரு சதவீதம், எதிர்க்கட்சிக்கு முப்பத்தெட்டு. அடுத்த படத்தில் மயில்சாமி காலமாகி வசந்தாமணி நின்றால் ஐம்பத்துமூன்று. அந்தக் கோடு மேலே போகிற வேகத்தைப் பார்த்துப் பின்னால் நின்ற கட்சிக்காரர் ஒருவர் கையைத் தட்டிவிட்டார். பிறகு இடம் பொருள் தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

மயில்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தான் இருந்தால் எவ்வளவு என்று மறுபடி கேட்டார். இருந்தால் முப்பத்தொன்றுதான் என்றார்கள். கொஞ்சம் உடம்பு சுகமில்லாமல் இருந்தால்? முப்பத்தைந்து. தீவிர சிகிச்சையில் படுத்தால் நாற்பத்திரண்டு வரைக்கும் ஏறும், ஆனால் அது நிலையில்லாத ஓட்டு, எழுந்து உட்கார்ந்ததும் கலைந்துவிடும், அதை நம்பி இறங்கக் கூடாது என்றான் ஜெயபிரகாஷ்.

நேரத்தைப் பற்றியும் ஒரு படம் வைத்திருந்தான். ரொம்ப சீக்கிரம் போய்விட்டால் ஜனங்கள் மறந்துவிடுவார்கள். ஓட்டுப் போடும் நாளுக்கு முந்தின வாரம் போனால் செய்தி மலையடிவாரம் வரை போய்ச் சேராது. வாக்குப்பதிவுக்கு முன்னால் பதினாறு நாளிலிருந்து இருபத்திரண்டு நாளுக்குள் என்றால் அனுதாபம் சரியாகப் பழுத்திருக்கும். "இது எங்க கருத்து இல்ல சார். நாங்க வெறும் கண்ணாடி. ஜனங்களைக் காட்டறோம், அவ்வளவுதான்."

மாவட்டம் எழுந்து வந்து மயில்சாமியின் தோளில் கை வைத்தார். அவர் பேசியது கீழே இருக்கிறது.

"நீங்க நூறு வயசு இருக்கோணும்னுதானுங்க மயில்சாமியண்ணா கட்சி நெனைக்குது. என்னையக் கேட்டா நூத்தியிருவதும்பேன். ஆனா ஜனங்க வேற நெனைக்கறாங்க. ஜனநாயகத்துல ஜனங்க பேச்சைக் கேக்காம நம்ம இஷ்டத்துக்கு உசுரோட இருந்துட்டா, அப்பறம் நமக்கும் சர்வாதிகாரிக்கும் என்னங்க வித்தியாசம்?"

தொகுதியில் ரெண்டு லட்சம் ஓட்டுக்கு மேல் இருக்கிறது, ஆயிரத்து நூறு பேரைக் கேட்டுவிட்டு எப்படிங்க சொல்ல முடியும் என்று மயில்சாமி கேட்டார். மாவட்டத்துக்கு இது தெரிந்த விஷயம். இருபதாயிரம் கோழி இருக்கிற கொட்டகையில் பத்துக் கோழிக்குத்தான் ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம், அதை வைத்துத்தான் மொத்தத்துக்கும் மருந்து ஊற்றுகிறோம் என்றார்.

"உங்க பண்ணையில ரத்தம் எடுத்தப்ப நானும் பாத்திருக்கறனுங்க மாவட்டம்," என்றார் மயில்சாமி. "வாசப்படிக்குப் பக்கத்துக் கூண்டுல கையை உட்டு, தூங்கி வழியறதாப் பாத்துப் புடிச்சாங்க. தெம்பா இருக்கற கோழி கையில சிக்கறதில்லீங்களே."

இதற்கு ஜெயபிரகாஷிடம் பதில் இருந்தது. தாங்கள் வாசற்படியோடு நிற்பதில்லை, தோட்டத்துக்குள்ளேயே போகிறோம் என்று டேப்பைத் திறந்து படித்தான். அறுபத்துநாலு வயது விவசாயி, வெற்றிலைக் கொடிக்காலில் சந்தித்தது, மயில்சாமியை வெகு நாளாகத் தெரிந்தவர். அவருக்கு ஓட்டுப் போடுவது பற்றி முடிவு செய்யவில்லை. அவர் காலமானால் நிச்சயம். இதைச் சொல்லும்போது கண் கலங்கினார்.

"உங்க ஊர்க்காரர்தான் சார். உங்களை நல்லாத் தெரிஞ்சவரே இப்படிச் சொல்றப்ப, நாங்க என்ன செய்ய முடியும்?"

அது நான்தானுங்க என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் கணிப்பில் தலையிட்டதாகிவிடும், மனு கிழிந்துவிடும். வாயை மூடிக்கொண்டார்.

இந்த இடத்தில் எழுந்து போயிருக்க வேண்டியவர்தான். போகாததற்குக் காரணம் இருந்தது. அனுதாபம் வர வேண்டுமென்றால் ஆள் வேட்பாளராக இருக்கும்போது போக வேண்டுமாம். சும்மா போனால் வேலூரில் ஒரு வெற்றிலைக்காரர் செத்தார், அவ்வளவுதான். ஆகவே இப்போதே, எல்லாருக்கும் முன்னால், மயில்சாமியை வேட்பாளராக அறிவிக்கக் கட்சி முடிவு செய்திருந்தது. மாவட்டம் ஒரு சுவரொட்டியை விரித்துக் காட்டினார். உங்கள் வேட்பாளர் மயில்சாமி. எழுத்து ஒரு முழ உயரம். அந்த எழுத்தை அவர் முப்பத்தெட்டு வருஷமாக மனசுக்குள் எழுதிப் பார்த்திருக்கிறார். வேட்பாளராவது வேறு, சாவது வேறு. இப்போதைக்கு ஆகிவிடுவோம், சாகச் சொல்லி யார் கையைப் பிடித்து இழுக்கப் போகிறார்கள் என்று நினைத்தார். சரிங்க என்றார்.

கணிப்பு ஒரே வாரத்தில் டிவிக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று ஆய்வகம் விசாரணை வைத்தது. விசாரணையும் டிவியில் வந்தது. 'மயில்சாமி: முன்கூட்டிய கணிப்பை நம்பலாமா?' என்று தலைப்பு வைத்து நாலு பேர் உட்கார்ந்து பேசினார்கள். தேர்தலுக்குப் பதினொரு மாசம் இருக்கையில் எடுக்கிற கணிப்பு இளந்தேங்காய் மாதிரி, உடைத்தால் தண்ணீர்தான் இருக்கும் என்றார் ஒரு பேராசிரியர். ஆகவே மயில்சாமி இப்போது அவசரப்பட்டு எதுவும் செய்துவிடக் கூடாது, பங்குனி மாசம் ஒரு கணிப்பு எடுத்துவிட்டு அதன்படி செய்வதுதான் அறிவியல் முறை என்றார். இன்னொருவர் மூன்று சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று ஞாபகப்படுத்தினார். அப்படியானால் மயில்சாமி செத்தும் ஐம்பதுதான் வரும் என்ற பயம் தொகுதி முழுக்கப் பரவியது.

அதைவிட வேடிக்கை எதிர்க்கட்சிக்காரர் பேசியது. மயில்சாமி நலமோடும் வளமோடும் நீடூழி வாழ வேண்டும் என்பதே தங்கள் கட்சியின் கொள்கை முடிவு என்று அறிவித்தார். சொன்னதோடு விடவில்லை. மறுநாளே மயில்சாமியின் ஊரில் மருத்துவ முகாம் போட்டார்கள். நாலு டாக்டர், ஒரு ஆம்புலன்ஸ். ஊரில் மற்றவர்கள் முட்டி வலி, மூச்சு வாங்குகிறது என்று வந்தால் அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டு, மயில்சாமி வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார்கள். பைக்கில் போகாதீர்கள் ஐயா என்று கெஞ்சினார்கள். அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று நெஞ்சாரக் கவலைப்பட்டவர்கள் அந்தத் தொகுதியில் அவர்கள் மட்டும்தான். மாவட்டத்துக்குக் கோபம் வந்தது. நம் வேட்பாளரின் உடல்நிலையில் எதிரிகள் தலையிடுகிறார்கள், இது சதி என்று அறிக்கை விட்டார். முகாமைப் போலீஸ் கலைத்தது.

வீட்டில் முதல் வாரம் வசந்தாமணி அழுதாள். எவ ஊட்டுத் தாலியை எவன் எண்ணறது என்று ஆய்வகத்துக்காரர்கள் வந்த காரின் மேல் சாணித் தண்ணீரை ஊற்றினாள். அவர்கள் கோபப்படவில்லை. அந்த வேகம் ரொம்ப நல்லது, ஆனால் அடக்கி வாசிக்க வேண்டும் என்று சொல்லி, பேசப் பழக்குவதற்கு மோகனப்பிரியா என்று ஒரு பெண்ணை அனுப்பினார்கள். தினமும் பத்து மணிக்குப் பாடம். 'அவர் விட்டுச் சென்ற பணியை' என்ற இடத்தில் நிறுத்தி, மனசுக்குள் மூன்று வரை எண்ண வேண்டும். அழுதால் மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி அழ வேண்டும்.

நாற்பது வருஷக் குடித்தனத்தில் வசந்தாமணியை யாரும் எதற்கும் யோசனை கேட்டதில்லை. வெற்றிலைக் கொடி எந்தப் பக்கம் நட வேண்டும் என்பதில் இருந்து மகனுக்கு எந்த ஊரில் பெண் பார்ப்பது என்பது வரை மயில்சாமி சொன்னதுதான். இப்போது ஆயிரத்து நூறு பேரில் பாதிக்கு மேல் அவளை வேண்டும் என்கிறார்கள். வேலூர் சந்தைக்குப் போனால் பெண்கள் எழுந்து பஸ்ஸில் இடம் கொடுத்தார்கள். மகளிர் குழுவில் அவளை நடுவில் உட்கார வைத்தார்கள். இரண்டாவது மாசம் ஒருநாள் மயில்சாமி கைகழுவி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது தட்டில் ஊறுகாய் இருந்தது. ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் சொல்லி ஆறு வருஷமாக அந்த வீட்டில் அவர் கண்ணில் காட்டாத ஊறுகாய். அப்பளமும் இருந்தது.

"ஏம் புள்ள இது?"

"சாப்புடுங்க," என்றாள் வசந்தாமணி. "எத்தனை நாளைக்குத்தான் வாயைக் கட்டறது."

அவள் முகத்தில் கள்ளம் இல்லை. பிரியமாகத்தான் வைத்தாள். மயில்சாமி ஊறுகாயைத் தட்டோரத்துக்குத் தள்ளி வைத்தார்.

நந்தகுமார் சத்தீஸ்கரிலிருந்து போன் பண்ணினான். முதலில் அப்பாவுக்கு ஆறுதல் சொன்னான், ஒண்ணும் ஆகாது என்றான். பிறகு கேட்டான். "இல்லீங்கப்பா, போர் வண்டியில திடுக்குனு லீவு குடுக்க மாட்டாங்க. தேதி ஏதாவது முன்னாடியே தெரிஞ்சாச் சொல்லிப் போடுங்க."

ஊர் ஜனங்களையும் சும்மா சொல்லக் கூடாது. அத்தனை மரியாதை. முன்பு கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்டுவதில் சண்டை போட்டவன் இப்போது முறையை விட்டுக்கொடுத்தான். டீக்கடையில் அவர் போனால் பேச்சு நின்றது. இன்னும் கொஞ்ச நாளைக்குத்தானே என்ற பரிவு எல்லார் கண்ணிலும் இருந்தது. படம் எடுக்க வந்தவன், சிரிக்காதீங்கண்ணா, மாலை போட்டு வைக்கறப்ப சிரிச்ச படம் நல்லா இருக்காது என்றான். டீக்கடைக்கு எதிரே ஒரு சுவரில் அவர் பெயரை எழுதியிருந்தார்கள், ஒரு ஆள் உயரத்துக்கு. ஒரே ஒரு குறை, பெயருக்கு முன்னால் அமரர் என்று எழுதுகிற அளவுக்கு இடம் விட்டு எழுதியிருந்தார்கள்.

ஐப்பசி மழையில் மயில்சாமிக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் நினைவு தப்பியது. நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றைக்கே ஆய்வகம் ஒரு அவசரக் கணிப்பு எடுத்தது. நாற்பத்தொன்பது. மாவட்டம் ஆஸ்பத்திரி வாசலில் பந்தல் போட்டார். தலைமையிலிருந்து இரங்கல் செய்தி தயாராகி, பிழை திருத்தத்துக்கு வந்துவிட்டது. இது காலம் தப்பிய காய்ச்சல், நம் கணக்குப்படி சித்திரையில் வர வேண்டியது என்று ஜெயபிரகாஷ் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான். இருந்தாலும் வந்ததை விட வேண்டாம் என்று தலைமை சொல்லிவிட்டது.

ஏழாம் நாள் மயில்சாமி கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டார்.

பந்தலைப் பிரித்தார்கள். அடுத்த கணிப்பில் இருபத்தேழு. ஜனங்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார்கள் என்று ஆய்வகம் விளக்கம் எழுதியது. பிரியாணி இல்லாத கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியவர்களைப்போலப் பேசினார்களாம். கட்சித் தலைமைக்கு முன்கூட்டித் தெரிவிக்காமல் குணமடைந்தது குறித்து பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்று மயில்சாமிக்கு நோட்டீஸ் வந்தது. அவர் ரெண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, மன்னிச்சுக்கோங்க, தெரியாம நடந்து போச்சு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முப்பத்தெட்டு வருஷத்தில் கட்சியிடம் அவர் வாங்கிய முதல் நோட்டீஸ். அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

மார்கழியில் எடுத்த கணிப்பில்தான் புதிதாக ஒன்று தெரிய வந்தது. ஜனங்களுக்கு மனசாட்சி இருக்கிறதாம். அவராக மனமுவந்து போவதாக இருந்தால் ஐம்பத்தேழு, வற்புறுத்திப் போனதாகத் தெரிந்தால் நாற்பது. ஆகவே சம்மதம் தேவைப்பட்டது. ஜெயபிரகாஷ் டேப்பைத் தூக்கிக்கொண்டு வாரத்துக்கு மூன்று தடவை கொடிக்காலுக்கு வந்தான். மயில்சாமி மாட்டேன் என்றும் சொல்லவில்லை, ஆகட்டும் என்றும் சொல்லவில்லை. வந்தவனிடம் இல்லை என்று சொல்லிப் பழக்கம் இல்லாத வாய். பாக்கலாமுங்க என்றார். அடுத்த தடவை, யோசனை பண்ணிச் சொல்றனுங்க என்றார். ஒருநாள் மோர் கொடுத்தார். அதை எந்தக் கட்டத்தில் பதிவது என்று ஆய்வகத்துக்குத் தெரியவில்லை.

மார்கழி கடைசி வாரத்தில் கட்சி வெற்றிக்காக ஆற்றங்கரைக் கருப்பணார் கோயிலில் கிடாய் வெட்டுவதாக மாவட்டம் வேண்டியிருந்தார். விடிந்து வெயில் ஏறாத நேரம். ஆற்றின் மேல் பனி புகைபோல நின்றது. ஜனங்கள் நூறு இருநூறு பேர் சேர்ந்திருந்தார்கள், வசந்தாமணி பெண்கள் பக்கம் முன்வரிசையில். யார் பேரில் வேண்டுதலோ அவர்தான் ஆற்றில் முழுகி, ஈர வேட்டியோடு கிடாயின் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும். காய்ச்சல் வந்து எழுந்த உடம்புங்க என்று மயில்சாமி சொல்லிப் பார்த்தார். சாமி காரியத்துல அதெல்லாம் பாக்கலாமுங்களா என்றார் மாவட்டம். முழுகி எழுந்து வந்து, வேட்டியில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கயிற்றைப் பிடித்து நின்றார்.

கிடாய் நல்ல கறுப்பு. கழுத்தில் செவ்வரளி மாலை. பூசாரி பச்சமுத்து அதன் முதுகில் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிடாய் அசை போட்டுக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் தெளித்தார். ஒன்றும் இல்லை. ஒரு சொம்பை அப்படியே கவிழ்த்தார். கிடாய் தலையைத் திருப்பி மயில்சாமியைப் பார்த்துவிட்டு மறுபடி அசை போட்டது.

எதற்கு இப்படித் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று ஜெயபிரகாஷ் கேட்டான். சம்மதம் கேக்கறமுங்க என்றார் பூசாரி. தண்ணீர் பட்டதும் கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதறினால் அதற்குப் பெயர் துளுக்கு. துளுக்கினால் வெட்டலாம். துளுக்காத கிடாயின் மேல் கத்தி வைத்தால் சாமி குத்தம்.

"துளுக்கலைன்னா?"

"துளுக்கற வரைக்கும் ஊத்துவமுங்க. காதுக்குள்ள ஊத்துனா வெரசாத் துளுக்கும்."

"இதுவரைக்கும் மாட்டேன்னு சொன்ன ஆடு இருக்கா?"

பூசாரி யோசித்தார். "என்ற காலத்துல இல்லீங்க. எங்கப்பன் காலத்துலயும் கேட்டதில்லீங்க."

ஜெயபிரகாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நாற்பது கேள்வி வைத்து, ஆயிரத்து நூறு பேரைக் கேட்டு, அதில் பாதிப் பேர் தெரியாது என்று கழுத்தறுத்து, அப்புறமும் கூடக் குறைய மூன்று சதவீதம் போட வேண்டியிருக்கிறது. இங்கே ஒரே கேள்வி, ஒரு குடம் தண்ணீர், தலைமுறை தலைமுறையாக நூற்றுக்கு நூறு. இதைப் பற்றி அவன் படித்த படிப்பில் எங்கேயும் சொல்லித்தரவில்லை.

அரைமணி நேரம் ஆயிற்று. பூசாரி சாமியிடம் மன்னிப்புக் கேட்டார். யாராவது தீட்டோடு வந்திருந்தால் தள்ளிப் போகச் சொன்னார், நாலு பேர் தள்ளிப் போனார்கள். காதில் ஊற்றினார். கிடாய் காதை ஒருதரம் ஆட்டியது, அது கணக்கில் வராது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மயில்சாமிக்கு விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. ஈர வேட்டி தொடையில் ஒட்டிக்கொண்டு ஐஸ் கட்டிபோல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஏன் கடிக்கிறோம் என்று அவருக்கே தெளிவாகத் தெரியாது. ஆடக் கூடாது என்று மட்டும் உள்ளுக்குள் ஏதோ சொல்லியது.

மாவட்டம் ஆற்றிலிருந்து ஒரு பெரிய குடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பூசாரி அதைத் தூக்கிக் கிடாயின் தலையில் மொத்தமாகக் கவிழ்த்தார். கிடாய் ஒரு எட்டு ஒதுங்கிக்கொண்டது. குடத்துத் தண்ணீர் முழுக்க மயில்சாமியின் பிடரியில் விழுந்தது.

தாடையை இறுக்கினார். அப்படியும் பிடரியிலிருந்து தொடங்கி முதுகு வழியாக இடுப்பு வரைக்கும் ஒரு உதறல் ஓடியது. தலைமயிரிலிருந்த தண்ணீர் நாலு பக்கமும் தெறித்தது.

பின்னால் ஒரு குரல், பயபக்தியோடு மெதுவாகச் சொன்னது.

"துளுக்கிட்டாருங்க."

பெண்கள் பக்கத்தில் யாரோ குலவை போட்டார்கள். பிறகு எல்லாரும் போட்டார்கள். மாவட்டம் தலைக்கு மேல் கையைக் கூப்பினார். வசந்தாமணி மயில்சாமியையே பார்த்துக்கொண்டு நின்றாள், சேலைத் தலைப்பு வாயில். ஜெயபிரகாஷ் டேப்பைத் திறந்து ஒரு இடத்தில் தட்டினான்.

"குளுருதுங்க," என்றார் மயில்சாமி.

அதைப் பதிய அதில் இடம் இல்லை.

பூசாரி கிடாயின் கழுத்திலிருந்த அரளி மாலையைக் கழற்றினார். சாமி மாலையைத் தரையில் போட மனசில்லாமல் மயில்சாமியின் கழுத்தில் போட்டார். அவிழ்த்துவிட்ட கிடாய் நாலெட்டு நடந்து, வேலியோரம் நின்று மேய ஆரம்பித்தது.